பேராசிரியர்களுக்குக் கற்றல் தளப் பயிற்சி: எங்கே சிக்குகிறது, எப்படிச் சரிசெய்வது

பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு இணையவழிக் கற்றல் தளங்களில் பயிற்சி தருபவர்களுக்கான குறிப்பு இது. மூடில், கூகுள் கிளாஸ்ரூம் இரண்டையும் மனத்தில் வைத்து எழுதியது. வேறு தளமாக இருந்தால் பட்டன்களின் பெயர் மாறும். கோளாறுகள் பெரும்பாலும் இவையேதான். மெனுப் பெயர்கள் ஆங்கிலத் திரையில் இருப்பதைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பயிற்சிக்குப் பிறகும் தளத்தைப் பயன்படுத்தாத ஆசிரியரை "அவருக்கு ஆர்வமில்லை" என்று ஒதுக்குவது மிக எளிது, மிகப் பெரிய தவறும் கூட. முப்பது ஆண்டு பாடம் நடத்திய ஒருவர், வகுப்பில் அறுபது பேருக்கு முன்னால் ஒரு பக்கம் திறக்காமல் நின்றுவிட்டால் மறுபடி அந்தப் பக்கம் போக மாட்டார். அவரை அங்கே நிறுத்தியது பெரும்பாலும் ஒரே ஒரு செட்டிங்தான். அதைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்பது நம் வேலை.

எதற்கும் முன்பு: கையில் ஒரு மாணவர் கணக்கு

ஆசிரியர் திரையில் எல்லாம் தெரியும். மறைத்து வைத்ததும் தெரியும். அதனால் அந்தத் திரையைப் பார்த்து எந்தக் கோளாறையும் கண்டுபிடிக்க முடியாது. மூடிலில் வலது மேல் மூலையில் பெயரைத் தொட்டால் 'ஸ்விட்ச் ரோல் டு' என்று வரும். அதில் 'ஸ்டூடன்ட்' என்று மாறிப் பார்க்கலாம். அவசரத்துக்கு இது உதவும், ஆனால் முழுதாக நம்ப முடியாது. நீங்கள் எந்தக் குழுவிலும் உறுப்பினராக இல்லாததால், குழுவாரியாகத் திறக்கும் பாடங்கள் அதில் சரியாகத் தெரியாது. அசைன்மென்ட் சமர்ப்பித்துப் பார்க்கவும் வசதிப்படாது. எனவே பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு போலி மாணவர் கணக்கை நிர்வாகியிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி, அவர்கள் பாடத்தில் சேர்த்து வையுங்கள். ஆசிரியர் கணக்கு ஒரு பிரவுசரில், மாணவர் கணக்கு இன்னொன்றில். இரண்டும் ஒரே பிரவுசரில் இருந்தால் ஒன்று மற்றதை லாக் அவுட் செய்துவிடும். இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்தாலும் போதும். கூகுள் கிளாஸ்ரூமுக்கும் இதே ஏற்பாடு: இரண்டாவது கணக்கு ஒன்றை வகுப்புக் குறியீடு கொடுத்து மாணவராகச் சேர்த்துவிடுங்கள்.

"போட்டுட்டேன் சார், பசங்களுக்குத் தெரியலையாம்"

அதிகம் வரும் புகார் இது. கீழே உள்ள வரிசையிலேயே பாருங்கள். மேலிருந்து கீழே வந்தால்தான் நேரம் மிச்சம்.

1. பாடமே மறைந்திருக்கிறதா? மூடிலின் கோர்ஸ் செட்டிங்ஸில் 'கோர்ஸ் விசிபிலிட்டி' என்பது 'ஹைட்' என்று இருந்தால், உள்ளே எத்தனை செய்தாலும் மாணவருக்கு ஒன்றும் தெரியாது.

2. மாணவர் உண்மையில் சேர்ந்திருக்கிறாரா? 'பார்ட்டிசிபன்ட்ஸ்' பக்கத்தில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. 'ஸ்டேட்டஸ்' கட்டத்தில் 'ஆக்டிவ்' என்று இருக்க வேண்டும். 'நாட் கரன்ட்' என்றிருந்தால் சேர்க்கைத் தேதி இன்னும் தொடங்கவில்லை, அல்லது முடிந்துவிட்டது. 'சஸ்பெண்டட்' என்றால் யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

3. வாரப் பகுதியோ குறிப்பிட்ட கோப்போ மட்டும் மறைந்திருக்கிறதா? ஆசிரியர் திரையில் அதன் அருகே 'ஹிட்டன் ஃப்ரம் ஸ்டூடன்ட்ஸ்' என்ற சிறு பட்டை இருக்கும். பழைய பாடத்தை நகலெடுத்தவர்களுக்கு இது அடிக்கடி நேரும்.

4. 'ரெஸ்ட்ரிக்ட் ஆக்சஸ்' நிபந்தனை ஏதும் உண்டா? "குழு அ மட்டும்" என்று போட்டுவிட்டு, குழு அ-வில் ஒருவரையும் சேர்க்காமல் விட்டிருப்பார்கள்.

5. மாணவரிடம் இரண்டு கணக்குகள் இருக்கின்றனவா? நிறுவன மின்னஞ்சலில் சேர்த்திருப்பார்கள். அவரோ கைப்பேசியில் சொந்த மின்னஞ்சலில் நுழைந்திருப்பார். கூகுள் கிளாஸ்ரூமில் இதுதான் முதல் சந்தேகம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், குறிப்பிட்ட ஒரு கோப்பு மட்டும் "அனுமதி கேளுங்கள்" என்று சொன்னால், அது கூகுள் டிரைவ் இணைப்பு. பகிர்வு 'ரெஸ்ட்ரிக்டட்' என்று இருக்கிறது. உரிமையாளருக்கும் அவர் பெயர் சேர்த்தவர்களுக்கும் திறக்கும், வேறு யாருக்கும் திறக்காது. லாகின் இல்லாத இன்காக்னிட்டோ ஜன்னலில் இணைப்பை ஒட்டிப் பார்த்தால் பத்து விநாடியில் தெரிந்துவிடும்.

பயிற்சிக்கு எல்லோரும் வந்தார்கள்; ஒரு மாதமாகியும் பாடப்பக்கம் காலி

இந்தக் கோளாறு பயிற்சியில்தான் இருக்கிறது, ஆசிரியரிடம் இல்லை.

வழக்கமாக நடப்பது இதுதான். பெரிய அரங்கம், எண்பது பேர், திரையில் ஒருவர் மெனுவை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுகிறார். மாதிரிப் பாடத்தில் மாதிரிக் கேள்விகள். எல்லோரும் தலையாட்டுகிறார்கள், சான்றிதழ் வாங்கிப் போகிறார்கள். வீட்டுக்குப் போய்த் தங்கள் பாடத்தைத் திறந்தால் திரை வேறு மாதிரி இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரிவதில்லை. பார்த்தது கைக்கு வரவில்லை.

மாற்ற வேண்டியது மூன்று. முதலாவது, மாதிரிப் பாடம் வேண்டாம். வருபவரின் அடுத்த பருவப் பாடத்தையே தளத்தில் முன்கூட்டி உருவாக்கி, அவரையே அதில் ஆசிரியராக்கி வையுங்கள். பாடத்திட்டம், இரண்டு கோப்புகள், பத்து வினாக்கள் இவற்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கொண்டுவராதவர்களுக்காக அவர்கள் துறைப் பாடத்திட்டத்தை நீங்கள் இறக்கி வைத்திருங்கள். வெறுங்கையோடு வந்தவர் வேடிக்கைதான் பார்ப்பார்.

இரண்டாவது, ஆள் கணக்கு. ஓர் அமர்வுக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு பேர். ஆறு பேருக்கு ஓர் உதவியாளர். உதவியாளருக்கு ஒரே விதி: ஆசிரியரின் மவுஸைத் தொடக் கூடாது. விரலால் காட்டலாம், வாயால் சொல்லலாம். மவுஸை வாங்கி இரண்டே நிமிடத்தில் முடித்துக் கொடுப்பது உதவி போலத் தெரியும்; ஆனால் அந்த வேலையை அவர் இனிமேல் உங்களிடம்தான் கொண்டுவருவார். பாஸ்வேர்டைக் கொடுத்து இளையவரிடம் வேலையை ஒப்படைக்கும் பழக்கம் தொடங்குவதும் இங்கேதான். மதிப்பெண் இருக்கும் கணக்கு அது. அப்படிக் கைமாறுவது ஆபத்து.

மூன்றாவது, கற்றுத்தரும் அளவு. இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு வாரத்தை முழுதாக அமைத்து முடிக்க வேண்டும்: அந்த வாரத்துக்கான ஐந்து வரி அறிமுகம், ஒரு வாசிப்பு, ஒரு சிறு குவிஸ் அல்லது அசைன்மென்ட். பதினைந்து நிமிடம் நீங்கள் செய்து காட்டுங்கள். மீதி நேரம் அவர்கள் கையில். கடைசி இருபது நிமிடம் பக்கத்து நாற்காலிக்காரர் அந்த மாணவர் கணக்கில் நுழைந்து, அந்த வாரத்தைச் செய்து பார்க்க வேண்டும். இந்த இருபது நிமிடத்தை எக்காரணம் கொண்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "இந்த ஃபைல் திறக்கல", "எங்க சப்மிட் பண்றதுன்னு தெரியல" என்று சக ஆசிரியர் சொல்லும்போது படிவது, நீங்கள் எத்தனை முறை சொன்னாலும் படியாது.

பிறகு, பருவத்தின் முதல் ஆறு வாரங்களுக்கு வாரம் ஒருமுறை அரை மணி நேரம் கேள்வி கேட்க இடம் வையுங்கள். தலைப்பு வேண்டாம், உரை வேண்டாம். வருபவர் தம் பாடத்தைத் திறந்து காட்டினால் போதும்.

எழுத்துகள் குழம்பி வருகின்றன, வினாக்கள் ஏறவில்லை

பழைய வினாத்தாளிலிருந்து ஒட்டினால் தமிழ் எழுத்துக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து வருகிறதா? அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தியது மட்டுமே. எழுத்துரு மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்கிவிட்டு ஒட்டுங்கள்; மாற்றியபின் ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள்.

மாணவர் பட்டியலை எக்செலில் இருந்து ஏற்றும்போது பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாக வந்தால், சேமிக்கும்போது வெறும் 'சிஎஸ்வி' தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று தனியாக ஒன்று இருக்கும். அதில் சேமிக்க வேண்டும்.

வினாக்களை மொத்தமாக ஏற்ற எய்க்கன் வடிவம் எளிது: வினா ஒரு வரி, தெரிவுகள் வரிக்கு ஒன்று, கடைசியில் விடை வரி. அது தவறுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். தெரிவுகளுக்கு அ, ஆ, இ என்று போட்டிருப்பார்கள். தளம் ஆங்கிலப் பெரிய எழுத்துகளைத்தான் ஏற்கும், விடை வரியின் தலைச்சொல்லான 'ஆன்சர்' என்பதும் ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேர்டின் தானியங்கி எண்ணிடலை நம்பியிருப்பார்கள். அந்த எண்கள் கண்ணுக்குத் தெரிந்தாலும் எழுத்தாக இல்லாததால், ஒட்டும்போது சில நேரம் காணாமல் போகும். நோட்பேடில் ஒட்டி, தெரிவு எழுத்துகள் உண்மையில் இருக்கின்றனவா என்று பார்த்து, யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள்.

"டயத்துக்குள்ளதான் போட்டேன், லேட்னு காட்டுது"

மூடில் அசைன்மென்டில் இரண்டு கெடுக்கள் உண்டு. 'டியூ டேட்' தாண்டினால் தாமதம் என்று குறிக்கும், ஆனால் வாங்கிக்கொள்ளும். 'கட் ஆஃப் டேட்' தாண்டினால் வாங்காது. முதலாவதை மட்டும் வைத்துவிட்டு "கதவை மூடிவிட்டேன்" என்று நினைத்திருக்கும் ஆசிரியர்கள் பலர்.

அடுத்தது நள்ளிரவுக் குழப்பம். 15-ஆம் தேதி இரவு 12 மணி என்று நினைத்து 15-ஆம் தேதி 00:00 என்று வைப்பார்கள். அது 15-ஆம் தேதி தொடங்கும் நேரம். மாணவருக்கு ஒரு முழு நாள் பறிபோகும். எப்போதும் 23:55 என்று வைக்கச் சொல்லிப் பழக்குங்கள்.

'ஃபைல் ஏத்திட்டேன்' என்கிறார் மாணவர், ஆசிரியர் திரையிலோ 'டிராஃப்ட்' என்று நிற்கிறதா? அசைன்மென்ட் செட்டிங்கில் சமர்ப்பிப்புப் பட்டனை அழுத்தியே ஆக வேண்டும் என்ற விருப்பம் 'யெஸ்' என்று இருக்கிறது. மாணவர் இரண்டாவது பட்டனை அழுத்தவில்லை. கூகுள் கிளாஸ்ரூமிலும் இப்படித்தான்: கோப்பை இணைப்பது வேறு, 'டர்ன் இன்' அழுத்துவது வேறு.

கிளாஸ்ரூமில் இன்னொன்று. பணித்தாளை இணைக்கும்போது 'மேக் எ காப்பி ஃபார் ஈச் ஸ்டூடன்ட்' என்று தேர்ந்தெடுக்காமல் 'எடிட்' அனுமதி கொடுத்துவிட்டால், வகுப்பு முழுவதும் ஒரே தாளில் எழுதும். ஒருவர் விடையை இன்னொருவர் அழிப்பார். பணியை வெளியிட்ட பிறகு இதை மாற்ற வழியில்லை. அதை நீக்கிப் புதிதாகத்தான் கொடுக்க வேண்டும்.

பெரிய கோப்பு ஏறவில்லை என்றால், பாடத்தில் வைக்கும் அளவு வரம்பு சர்வரின் வரம்பைத் தாண்ட முடியாது என்பதை நினைவில் வையுங்கள். அதைக் கூட்டுவது நிர்வாகி வேலை. ஆனால் அதற்கு முன் மாணவர் கைப்பேசியில் எடுத்த பத்துப் படங்களை அப்படியே ஏற்றுகிறாரா என்று கேளுங்கள். ஸ்கேன் ஆப்பில், கறுப்பு வெள்ளையில், ஒரே பிடிஎஃப் ஆக மாற்றச் சொன்னால் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

குவிஸ்: பாதி நேரத்தில் மூடிக்கொண்டது, விடை கசிந்தது, சரியான விடைக்குப் பூஜ்யம்

பாதி நேரத்தில் மூடுவது: மூடில் குவிஸில் கால அளவு 60 நிமிடம், மூடும் நேரம் 11:00. மாணவர் 10:30-க்குத் தொடங்கினால் அவருக்கு 30 நிமிடம்தான் கிடைக்கும். இரண்டில் எது முந்துகிறதோ அதுவே செல்லும். 60 நிமிடத் தேர்வுக்கு 90 நிமிடமாவது திறந்து வையுங்கள். மின்தடை, உடல்நலக் குறைவு என்று ஒருவருக்கு மட்டும் நேரம் தர வேண்டுமானால் குவிஸையே திருத்தாதீர்கள். 'ஓவர்ரைட்ஸ்' பகுதியில் அவர் பெயருக்கு மட்டும் தனி நேரம் கொடுங்கள்.

விடை கசிவது: 'ரிவியூ ஆப்ஷன்ஸ்' என்ற பகுதியில் நான்கு நிரல்கள் (நெடுவரிசைகள்) இருக்கும். அங்கே வழக்கமாக இருக்கும் அமைப்பை மாற்றாமல் விட்டால், முடித்தவுடனே சரியான விடையும் தெரியும். இரண்டு நாள் திறந்திருக்கும் குவிஸில் முதலில் எழுதியவர் விடைகளைப் படமெடுத்து அனுப்பிவிடுவார். 'ரைட் ஆன்சர்' என்ற குறியைக் கடைசி நிரலான 'ஆஃப்டர் த குவிஸ் இஸ் க்ளோஸ்ட்' என்பதில் மட்டும் விடுங்கள். மூடும் நேரம் வைக்காவிட்டால் அந்தக் கட்டம் வரவே வராது. மாணவருக்கு விடை கடைசிவரை தெரியாது. இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள்.

சரியான விடைக்குப் பூஜ்யம்: குறுவிடை வினாவில் நடப்பது இது. தளம் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. "ஔவையார்" என்பது ஆசிரியர் கொடுத்த விடை. மாணவர் ஒகரமும் ளகரமும் சேர்த்து "ஒளவையார்" என்று தட்டியிருப்பார். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கு முதல் எழுத்தே வேறு. வல்லெழுத்து மிகுவது, சொல்லைப் பிரித்து எழுதுவது, சேர்த்து எழுதுவது எல்லாம் இதே கதைதான். ஏற்கத்தக்க வடிவங்களை ஒவ்வொன்றாக 100 சதவீத விடையாகச் சேர்க்க வேண்டும். தமிழில் கேட்கும் வினாவாக இருந்தால் முடிந்தவரை தெரிவு வினாவாகவோ பொருத்துக வினாவாகவோ மாற்றிவிடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

மாணவர்கள் எழுதிய பிறகு பிழை தெரிந்தால்? அப்போது வினாவைச் சேர்க்கவோ நீக்கவோ தளம் விடாது. ஆனால் வினாவைத் திறந்து விடையைத் திருத்தலாம். திருத்தியபின் 'ரிசல்ட்ஸ்' பக்கத்தில் 'ரீகிரேட்' கொடுத்தால்தான் பழைய மதிப்பெண்கள் மாறும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு "திருத்தியும் மாறவில்லை" என்று வருவார்கள்.

மொத்த மதிப்பெண் நம்ப முடியாத அளவு அதிகம்

தலா 20 மதிப்பெண்ணுக்கு ஐந்து அசைன்மென்ட். ஒரு மாணவர் ஒன்றே ஒன்று எழுதி 18 வாங்கினார். மூடிலின் மதிப்பெண் பதிவேடான க்ரேட்புக் அவருக்கு 90 சதவீதம் என்று காட்டுகிறது. கணக்குத் தவறில்லை: 'எக்ஸ்க்ளூட் எம்ப்டி கிரேட்ஸ்' இயங்குவதால் காலியாக உள்ள நான்கையும் தளம் கணக்கிலேயே எடுக்கவில்லை. பருவத்தின் நடுவில் இது நியாயமானது. இன்னும் வராத தேர்வுக்குப் பூஜ்யம் போடக் கூடாது. கெடு முடிந்த பிறகுதான் சிக்கல். அப்போது 'சிங்கிள் வியூ'வில் அந்த அசைன்மென்டைத் திறந்து, 'பல்க் இன்செர்ட்' மூலம் காலி இடங்களுக்குப் பூஜ்யம் நிரப்பச் சொல்லுங்கள். மருத்துவ விடுப்பில் இருந்தவர் பெயருக்கு நேரே 'எக்ஸ்க்ளூட்' குறி போட்டால் அவர் மட்டும் அந்தக் கணக்கிலிருந்து விலகுவார். பருவ இறுதியில் மொத்தமாகச் செய்வதைவிட ஒவ்வொரு கெடு முடிந்ததும் செய்வது மேல். மாணவருக்குத் தம் உண்மை நிலை அப்போதே தெரியும்.

மதிப்பெண் போட்டும் மாணவருக்குத் தெரியவில்லையா? கிளாஸ்ரூமில் 'ரிட்டர்ன்' அழுத்தும்வரை அது வரைவு மதிப்பெண். மூடிலில் 'மார்க்கிங் வொர்க்ஃப்ளோ' இயங்கினால், நிலை 'ரிலீஸ்ட்' ஆகும்வரை வெளியே தெரியாது.

ஃபோரத்தில் யாரும் பேசுவதில்லை

முதலில் வினாவைப் பாருங்கள். "ஆஸ்மோசிஸ் (சவ்வூடு பரவல்) என்றால் என்ன?" என்று கேட்டால் முதல் மாணவர் சரியாகச் சொல்லிவிடுவார், மற்றவர்கள் சொல்ல என்ன இருக்கிறது? ஒவ்வொருவருக்கும் வேறு பதில் வரும்படி கேட்க வேண்டும்: "உப்பு நீரில் போட்ட காய்கறித் துண்டு ஒன்றை இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்து, கண்டதை எழுதி, காரணத்தை ஊகியுங்கள்."

அடுத்து வகை. மூடிலின் 'க்யூ அண்ட் ஏ' ஃபோரத்தில், தான் எழுதாமல் பிறர் எழுதியதைப் பார்க்க முடியாது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவது நிற்கும். ஆனால் எழுதியவுடனேயும் பிறர் பதில் தெரியாது. திருத்துவதற்கான நேரம், பொதுவாக 30 நிமிடம், முடிந்த பிறகே தெரியும். இதை மாணவருக்கு ஒரு வரியில் முன்பே எழுதி வைக்காவிட்டால் "ஃபோரம் வேலை செய்யவில்லை" என்ற புகார் நிச்சயம். அறிவிப்பு மின்னஞ்சல்கள் தாமதமாகப் போவதற்கும் இதே 30 நிமிடம்தான் காரணம்.

பக்கம் முழுக்க பிடிஎஃப். வீடியோவை யாரும் முடிப்பதில்லை

எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் 69 லட்சம் வீடியோப் பார்வைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்க்கும் நேரத்தின் நடு அளவு (மீடியன்) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று தெரிந்தது. 50 நிமிட விரிவுரையை அப்படியே ஏற்றாமல், கருத்துக்கு ஒன்றாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வினா வைக்கச் சொல்லுங்கள். மறுபடி ஒளிப்பதிவு தேவையில்லை. எங்கே வெட்டுவது என்று ஆசிரியரே குறித்துக் கொடுத்தால் போதும், அது அவருக்குத்தான் தெரியும். வசனப் பட்டை சேர்ப்பது காது கேளாதவருக்கு மட்டுமல்ல, சத்தமில்லாமல் பார்ப்பவருக்கும் உதவும்.

பிடிஎஃப் கிடங்கைக் கலைக்கச் சொன்னால் ஆசிரியருக்கு மனம் வராது. அது அவர் உழைப்பு. கலைக்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு கோப்புக்கும் மேலே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: எந்தப் பக்கம், எதைத் தேடிப் படிக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும். அந்த வரியை எழுத உட்காரும்போதே எந்தக் கோப்பு தேவையில்லை என்று அவருக்கே தெரிந்துவிடும்.

நேரலை வகுப்பில் எதிரொலி வந்தால் ஒரே அறையில் இரண்டு சாதனங்கள் ஒலியோடு இருக்கின்றன. ஒன்றை ஒலி நிறுத்துங்கள். திரையில் காட்டும் வீடியோவின் ஒலி மாணவருக்குக் கேட்கவில்லை என்றால் ஜூமில் 'ஷேர் சவுண்ட்' குறி விடுபட்டிருக்கிறது. கூகுள் மீட்டில் முழுத் திரைக்குப் பதில் அந்த டேபை மட்டும் பகிர்ந்து பாருங்கள்.

புதிய பருவம்: பழைய மாணவர்கள், பழைய தேதிகள்

மூடிலில் பழைய பாடத்திலேயே தொடர்ந்தால் சென்ற ஆண்டு சமர்ப்பிப்புகளும் கெடுக்களும் அப்படியே நிற்கும். பாதுகாப்பான வழி, புதிய காலிப் பாடம் வாங்கி 'இம்போர்ட்' மூலம் உள்ளடக்கத்தை மட்டும் கொண்டுவருவது. மாணவர் தரவு வராது. பழையதையே பயன்படுத்தித்தான் ஆக வேண்டுமென்றால், முதலில் மாணவர் தரவோடு முழு 'பேக்கப்' எடுத்து, இறக்கி, வேறிடத்தில் வையுங்கள். பிறகே 'ரீசெட்'. அது மாணவர் பதிவுகளையும் மதிப்பெண்களையும் அழித்துவிடும், திரும்ப வராது. ரீசெட் பக்கத்தில் புதிய தொடக்கத் தேதி கொடுத்தால் கெடுக்கள் அதே இடைவெளியில் நகரும். விடுமுறை நாளில் போய் விழுந்தவற்றைக் கையால் திருத்த வேண்டும்.

முடிந்ததும் மாணவர் கணக்கில் நுழைந்து முதல் வாரத்தைத் திறந்து பாருங்கள். ரீசெட்டில் அந்தக் கணக்கும் பாடத்திலிருந்து நீங்கியிருக்கும். மறுபடி சேர்த்துவிட்டுப் பாருங்கள்.